ரெண்டு வேளைத் தண்ணி

அன்புச் சிட்டுவுக்கு அம்மா எழுதுறது.

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குப் பெருசா ஒரு குறையும் இல்லாம இருக்கோம், தையல் மெஷினை மிதிச்சு மிதிச்சு அப்பாவுக்கு வர்ற முழங்கால் வலியும் எனக்கு வழக்கமான மூக்கடைப்பும் தவிர. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நல்லபடியா இருக்கணும்னு தினமும் நினைச்சுக்கிறேன். வாரம் ரெண்டு தடவை போன்ல பேசுறோமே, எதுக்கு இந்தக் கடுதாசின்னு கேப்பே. போன்ல நான் ஆரம்பிச்சா நீ சரிம்மா விடும்மா அப்புறம் பேசலாம்னு வெச்சுடுவே. அதோட உங்க அப்பா பக்கத்துலயே உக்காந்திருப்பார். உன் போன் வந்ததும் டிவி சத்தத்தைக் குறைச்சுடுவார், கண்ணு திரையில, காது என் பக்கம். என்னன்னு கேட்டா, சத்தம் தலைவலிக்குதுன்னு சொல்வார். கடுதாசின்னா நீ குறுக்க பேச முடியாது, கடைசி வரைக்கும் படிச்சுத்தான் ஆகணும். போன ஞாயித்துக்கிழமை நீ என்ன சொன்னே, அடுத்த மாசக் கடைசியில பத்து நாள் லீவு கிடைச்சிருக்கு, ஆனா வீட்டுக்கு வரலை, கூட வேலை பாக்கிற பொண்ணோட ஊருக்குப் போறேன், அப்பாவுக்குத்தான் என் மூஞ்சியைப் பாக்கவே பிடிக்கலையேன்னு சொன்னே. நான் சரின்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டேன். அன்னையில இருந்து நாலு நாளா எனக்குச் சாப்பாடு இறங்கலை. நீ வராம இருக்கிறதுக்கு முன்னாடி இங்கே நடந்ததை நீ தெரிஞ்சுக்கணும். அதுக்கு முதல்ல நான் சொன்ன ஒரு பொய்யை ஒத்துக்கணும், அங்கே இருந்தே ஆரம்பிக்கிறேன், திட்டுறதா இருந்தா முழுக்கப் படிச்சுட்டுத் திட்டு.

மூணு மாசத்துக்கு முன்னாடி உன் ரோஜாச் செடியை ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்மான்னு கேட்டியே, ஞாபகம் இருக்கா? நானும் அனுப்பினேன், நாலு பூ, பச்சைப் பசேல்னு இலை. நீகூட தொட்டி வேற மாதிரி இருக்கேம்மான்னு கேட்டே, பெரிய தொட்டிக்கு மாத்திட்டோம்னு நான் வாய் கூசாமச் சொன்னேன். அது உன் செடி இல்லைடி. எதிர் வீட்டு அக்கா செடி. அவங்க வீட்டுப் படிக்கட்டுல குத்துக்கால் போட்டு உக்காந்து, அவங்க துணிக் கொடி தெரியாம, பூ மட்டும் தெரியுற மாதிரி எடுத்தேன். எதுக்குங்க இப்படி வளைஞ்சு வளைஞ்சு எடுக்கறீங்கன்னு அக்கா கேட்டாங்க, பூ அழகா இருக்குன்னு அவங்ககிட்டயும் ஒரு பொய். உன் செடி அன்னைக்கு இருந்த இருப்பை உனக்கு எப்படிக் காட்டுவேன் சொல்லு. மொத்தம் பதினோரு இலை, நான் எண்ணினேன், அதுல எட்டு மஞ்சள். அதை நீ பாத்தா, என் செடியைக்கூட இவங்களால வெச்சுக்க முடியலைன்னு நினைச்சு மிச்சம் இருக்கிற பேச்சையும் நிறுத்திடுவியோன்னு பயந்துட்டேன். அதான் அனுப்பிட்டேன்.

இப்ப நீ கிளம்பிப் போன நாளைப் பத்திச் சொல்லணும், உனக்கும் பிடிக்காது எனக்கும் பிடிக்காது, ஆனாலும் சொல்லித்தான் ஆகணும். அப்பா தன்கிட்ட துணி தைக்கக் கொடுக்கிற தலைமை டீச்சரம்மாகிட்ட நடையா நடந்து உனக்கு அந்தப் பள்ளிக்கூட ஆபீஸ் வேலையைக் கேட்டு வாங்கினார். யார்கிட்டயும் எதுக்கும் போய் நிக்காத மனுஷன், உனக்காக நின்னார். நீயும் சரின்னு தலையாட்டினே. வேலையில சேர வேண்டிய அன்னைக்குக் காலையில, எனக்கு வேற இடத்துல வேலை கிடைச்சிருக்கு, டிக்கெட் போட்டாச்சுன்னு சொன்னே. நீ செஞ்சது தப்புன்னு நான் இப்பவும் சொல்லலை, உன் படிப்புக்கு அதுதான் சரியான வேலை. முன்னாடியே சொல்லியிருக்கலாம், அதுதான். அவரும் வாயை அடக்கியிருக்கலாம். போறவ போ, இந்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பாக்காதேன்னு கத்திட்டார், அக்கம்பக்கம் கேக்குற மாதிரி. நீ பெட்டியைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னு, செடியைப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டு இறங்கிட்டே. சொன்னே சரி, யாரைப் பாத்துச் சொன்னே? நீ என்னையும் பாக்கலை, அவரையும் பாக்கலை, செருப்பைப் பாத்துச் சொன்னே. நான் என்கிட்டதான் சொன்னேன்னு எடுத்துக்கிட்டேன். வேற யார்கிட்ட சொல்லியிருப்பே, அவர்கிட்டயா? அவரும் நீ போன அன்னைக்கு மத்தியானமே, அந்தச் செடி இருக்கிற திசைக்கே நான் போக மாட்டேன்னு சபதம் மாதிரி சொல்லிட்டார். நீ போடுறதுக்குன்னு அவர் தைச்சு வெச்சிருந்த ரெண்டு சட்டையையும் பீரோவுல உள்ளே தள்ளிட்டார். அதோட உன் பேச்சே வீட்ல கிடையாது.

அப்புறம் நான் என் வேலையைப் பாத்தேன். கிளினிக்ல டோக்கன் கொடுத்து முடிச்சு வீட்டுக்கு வர ஆறு ஆறரை ஆகும். வந்ததும் வராததுமா மாடிக்குப் போய் உன் செடிக்கு ஒரு பெரிய மக்கு நிறையத் தண்ணி. சின்னப் பிள்ளைக்கு ஊத்துற மாதிரி தலையில இருந்து ஊத்துவேன், இலையெல்லாம் நனையணும்னு. கீழ் வீட்டுக்காரங்க தரை கறையாகுதுன்னு முணுமுணுத்தாங்கன்னு தொட்டிக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் தட்டு வேற வெச்சேன். முட்டை ஓடு, வாழைப்பழத்தோல், யார் எது நல்லதுன்னு சொன்னாலும் அதைப் போட்டேன். ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்துது. அப்புறம் இலையில கறுப்புக் கறுப்பாப் புள்ளி, சுத்தி மஞ்சள், தொட்டா உதிருது. தொட்டி மேல எறும்பு சாரை சாரையாப் போகுது, நான் எதுவும் இனிப்புப் போடலையே இது எங்கே இருந்து வந்துதுன்னு ஆச்சரியப்பட்டேன். தொட்டி வேற தானா நகர்ந்து தண்ணித் தொட்டி நிழலுக்குப் போயிருந்துது. தண்ணித் தொட்டி கழுவ வந்தவர் நகர்த்தியிருப்பார்னு நினைச்சு அப்படியே விட்டுட்டேன். செடி வாட வாட நான் இன்னும் அரை மக்கு சேர்த்து ஊத்தினேன், பாவம் தாகமா இருக்குன்னு.

கடைசியில மனசு கேக்காம நாலு இலையைப் பேப்பர்ல மடிச்சு எடுத்துக்கிட்டு பஸ் ஏறி நர்சரிக்குப் போனேன், நீ அந்தச் செடியை வாங்கின அதே நர்சரி. அந்த நர்சரிக்காரர் மனுஷங்ககிட்ட சிரிக்க மாட்டார், செடிகிட்ட மட்டும்தான் சிரிப்பார். இலையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, என்னம்மா இதைக் குளிப்பாட்டறீங்களான்னு கேட்டார். எனக்குச் சுருக்குன்னு இருந்துது. இலை நனையக் கூடாதாம், அதுவும் சாயங்காலம் நனைஞ்சா ராத்திரி முழுக்க ஈரமாவே இருந்து இந்தக் கறும்புள்ளி வருமாம். காலையில, அடியில மண்ணுக்கு மட்டும் ஊத்தணுமாம். அதுவும் தினமும் இல்லையாம், விரலை ரெண்டு கணு ஆழத்துக்கு மண்ணுல விட்டுப் பாத்து, விரல்ல ஈரமண் ஒட்டினா அன்னைக்கு ஊத்தவே கூடாதாம். ஒரு வாரம் தண்ணியைத் தொடாதீங்க, பிழைக்குதா பாப்போம்னார். நம்ம கிளினிக் டாக்டர் பரவாயில்லை போல இருந்துது, அவராவது பயப்படாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்வார். நான் மனசைக் கல்லாக்கிக்கிட்டு ஒரு வாரம் ஒரு சொட்டு ஊத்தலை. எட்டாவது நாள் விரலை விட்டுப் பாக்குறேன், சகதி. வெயில் கொளுத்துது, மழை ஒரு துளி கிடையாது, எங்கே இருந்து வந்துது இந்தத் தண்ணி? எதிர் வீட்டு அக்கா மேலகூட ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன், போட்டோ விஷயம் தெரிஞ்சு கோபத்துல ஏதாவது பண்றாங்களோன்னு, பாரு என் புத்தியை.

மறுநாள் எனக்கு விடியக்காலையிலயே முழிப்பு வந்துடுச்சு. பக்கத்துல அப்பாவைக் காணோம். வழக்கமா கடை திறக்கிறதுக்கு முன்னாடி நடந்துட்டு வர்றேன்னு போவாரே, அதுதான்னு நினைச்சேன், ஆனா செருப்பு வாசல்லயே கிடக்குது. மாடியில சத்தம் கேட்டு மெதுவா ஏறினேன். உங்க அப்பா முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்து, செம்புல இருந்து உன் செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கார். பக்கத்துல ஒரு டம்ளர், அதுல டீக்கடையில கேட்டு வாங்கின டீச்சக்கை, பாலும் சர்க்கரையும் வழிய வழிய. டீத்தூள் ரோஜாவுக்கு நல்லதுன்னு யாரோ சொன்னாங்களாம். அப்பத்தான் எனக்கு எறும்பு எங்கே இருந்து வந்துதுன்னு புரிஞ்சுது, தொட்டி எப்படி நடந்துபோச்சுன்னும் புரிஞ்சுது, வெயில்ல வாடுதேன்னு அவர்தான் நிழலுக்கு இழுத்திருக்கார். கையும் களவுமா மாட்டிக்கிட்ட மனுஷன் என்ன சொல்வார்னு நினைக்கிறே, என்னையே அதட்டுறார். நீ கிளினிக் கிளினிக்னு ஓடுற, உனக்கு எங்கே நேரம், செடி செத்துப் போனா அவ என்ன நினைப்பா, என்கிட்டதானே பாத்துக்கச் சொல்லிட்டுப் போனான்னார். உங்ககிட்டயா சொன்னான்னு கேட்டேன். பின்னே, அவ அன்னைக்கு என்கிட்ட சொன்ன ஒரே வார்த்தை அதுதானேன்னார். ஒன்பது மாசத்துல அவர் உன்னைப் பத்தி வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. சிட்டு, அந்த மனுஷன் ஒருநாள் விடாம, முழங்கால் வீங்கின நாள்லகூட, எனக்குத் தெரியாம படி ஏறியிருக்கார். காலையில அவர், சாயங்காலம் நான், அடியில நான் வெச்ச தட்டு வேற, தண்ணி எங்கே போகும்? ரெண்டு பேரும் சேர்ந்து உன் செடியை முக்கியே கொன்னிருப்போம். நான் தலையில அடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன், சிரிச்சுக்கிட்டே அழுதுட்டேன். அவர் செம்பைக் கையில வெச்சுக்கிட்டு முழிச்சார்.

அன்னைக்கு அவர் கடைக்குப் போகலை, நானும் கிளினிக்குக்கு லீவு சொல்லிட்டேன். ரெண்டு பேருமா நர்சரிக்காரர்கிட்ட போய் நின்னோம். அவர் எங்களை மாத்தி மாத்திப் பாத்துட்டு, வீட்ல நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லையான்னு கேட்டார். அப்பா பழக்கத்துல கழுத்துல மாட்டியிருந்த இன்ச் டேப்பைச் சரிபண்ணிக்கிட்டு வேற பக்கம் பாத்தார். செம்மண், மணல், மண்புழு உரம் மூணையும் சமமாக் கலந்து வாங்கிட்டு வந்தோம். செடியைத் தொட்டியில இருந்து கவுத்து எடுத்தா ஒரே நாத்தம், வேர் பாதி கறுத்து வழவழன்னு அழுகியிருக்குது. அழுகின வேரையும் மேல காஞ்ச கிளையையும் வெட்டினாத்தான் பிழைக்கும், மழுங்கின கத்தரியால நசுக்கக் கூடாது, நல்ல கூரா இருக்கணும், வெளிப்பக்கம் பாத்த மொட்டுக் கணுவுக்குக் கொஞ்சம் மேல சாய்வா ஒரே வெட்டு வெட்டணும்னு நர்சரிக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். நான் சமையல்கட்டுக் கத்தரியை எடுத்தேன், அது பால் பாக்கெட்டுக்கே மல்லுக்கட்டும். அப்பா இறங்கிப் போய்க் கடையைத் திறந்து அவரோட பெரிய கத்தரியைக் கொண்டு வந்தார். எந்தக் கத்தரின்னு உனக்குத் தெரியும். மூணாங்கிளாஸ்ல பொம்மைப் படம் வெட்ட நீ அதை எடுத்தேன்னு, துணியைத் தவிர வேற எதுவும் அது வாயில படக் கூடாதுன்னு அவர் போட்ட சத்தத்துல நீ கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சியே, அதே கத்தரி. நான் வேண்டாங்க, கூர் போயிடும்னேன். போனாச் சாணை பிடிச்சுக்கலாம்னார். கிளினிக்ல இருந்து நான் கொண்டு வந்து வெச்சிருந்த ஸ்பிரிட்டால ரெண்டு அலகையும் துடைச்சார். கல்யாணத் துணியைக்கூடக் கண்ணை மூடிக்கிட்டு வெட்டுறவர், உன் செடி முன்னாடி உக்காந்து ஒவ்வொரு கணுவுக்கும் டேப் வெச்சுக் கால் இன்ச் அளந்து, வாயால மூச்சு விட்டுக்கிட்டு வெட்டினார். முதல் வெட்டுக்கு மட்டும் மூணு தடவை அளந்தார். நான் பாக்காத மாதிரி மண்ணைக் கிளறிக்கிட்டு இருந்தேன்.

தட்டை எடுத்தாச்சு, தொட்டியைக் காலை வெயில் படுற மூலைக்கு மாத்தியாச்சு, ஆறு மணி நேரமாவது வெயில் வேணுமாம் ரோஜாவுக்கு. இப்ப காலையில ரெண்டு பேரும் சேர்ந்துதான் மாடிக்குப் போறோம். அவர் விரலை விட்டுப் பாத்து ஊத்தலாம் ஊத்தக் கூடாதுன்னு தீர்ப்பு சொல்வார், நான் ஊத்துவேன், இலையில பட்டுதுன்னா அதுக்கு ஒரு அதட்டல். பத்து பன்னிரண்டு நாள் குச்சி குச்சியா மொட்டையா நின்னுது, நான் நம்பிக்கையே விட்டுட்டேன். அப்புறம் ஒருநாள் கணுவுல சிவப்பா ஒரு முளை, கண்ணாடி போட்டாத்தான் தெரியும். காலையில ரெண்டு பேரும் பாத்ததையே அவர் கடையில இருந்து போன் பண்ணித் திரும்பச் சொல்றார், சட்டை தைக்க வந்தவங்க காத்துக்கிட்டு இருக்காங்க, இவர் முளையைப் பத்திப் பேசுறார். கிளையை வெட்டி இன்னைக்கு ஏழு வாரம் ஆச்சு, புதுசா நாப்பது ஐம்பது இலை, எண்ணுறதை விட்டுட்டேன், ஒரே ஒரு மொட்டு நேத்து வாய் திறந்திருக்குது, உன் வெளிர் ரோஸ் நிறம். இது சத்தியமா உன் செடிதான், கூட ஒரு போட்டோ வெச்சிருக்கேன், நல்லாப் பாரு, அதே பழைய தொட்டி, விளிம்பு உடைஞ்சது தெரியும். வெட்டின கிளையில நல்லதா ஆறு குச்சியை எடுத்து அப்பா மணல்ல ஊனி, பாதியா வெட்டின பாட்டிலைக் கவுத்து வெச்சார். நாலு போச்சு. ரெண்டு துளிர்த்திருக்குது.

நான் எதுக்கு இவ்வளவும் சொல்றேன்னா, நீ அவர் திரும்பிப் பாக்காதேன்னு சொன்னதையே நினைச்சுக்கிட்டு இருக்கே, அவர் நீ பாத்துக்கோங்கன்னு சொன்னதையே பிடிச்சுக்கிட்டு இருந்தார். உன்கிட்ட பேசணும்னு அவருக்குத் தவிப்பு, எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை, அவ்வளவுதான். அவருக்கு அளவு எடுக்கத் தெரியும், வெட்டத் தெரியும், தைக்கத் தெரியும், மன்னிச்சுக்கோன்னு சொல்ல மட்டும் யாரும் கத்துக் கொடுக்கலை. உனக்கும்தான், அப்பா மாதிரியே முறைச்சுக்கிட்டு நிப்பே. கடையில யாராவது போன்ல அளவு சொல்றேன், தைச்சு வைங்கன்னு கேட்டா அவர் என்ன சொல்வார், ஆளைப் பாக்காம நான் துணியில கத்தரி வைக்க மாட்டேன், நேர்ல வாங்கன்னுதானே? நானும் அதைத்தான் சொல்றேன். போன்ல இது சரியாகாது. அந்தப் பொண்ணோட ஊருக்கு இன்னொரு லீவுல போ, நல்ல பொண்ணுதான், கோவிச்சுக்க மாட்டா. இல்லை, அவசியம் அங்கேதான் போகணும்னா ரெண்டு நாளாவது இங்கே வந்துட்டுப் போ, நான் கட்டாயப்படுத்தலை, கேக்குறேன்.

வெயில்ல தலையை மூடிக்கிட்டுப் போ, ராத்திரி வேலை முடிஞ்சு வர்றப்ப வெளிச்சமான தெருவாப் பாத்து வா, இருமல் இன்னும் இருந்தா வெந்நீர் குடி, சும்மா மாத்திரை வாங்கி முழுங்காதே, நான் கிளினிக்ல இருக்கிறதால சொல்றேன். எதிர் வீட்டு அக்கா உன்னைக் கேட்டாங்க, அவங்ககிட்டயும் போட்டோ விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுட்டேன், சிரிச்சுச் சிரிச்சு அவங்களுக்குப் புரையேறிடுச்சு. இந்தக் கடுதாசி கிடைச்சதும் போன் பண்ணு, பண்ணுறப்ப அப்பா வீட்ல இருக்கிற நேரமாப் பாத்துப் பண்ணு. நீ நீண்ட ஆயுசோட, நினைச்சதெல்லாம் கைகூடி, யாருக்கும் தலை குனியாம நல்லா இருக்கணும் கண்ணு. லீவுக்கு டிக்கெட் இன்னும் போடலைதானே, அதைப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசி.

எப்பவும் உன் நினைப்பா இருக்கிற,
அம்மா.

இதை ஒட்டப் போறப்ப அப்பா கையை நீட்டினார். கொடுத்துட்டேன். மெஷின் மேல வெச்சு முழுக்கப் படிச்சார், எதிர் வீட்டு போட்டோ இடத்துல மட்டும் என்னை ஒரு முறை முறைச்சார். அப்புறம் காதுல செருகியிருந்த பென்சிலை எடுத்துத் திரும்பி உக்காந்து எழுதினார், என்னைப் பாக்க விடலை. ஒட்டுறதுக்கு முன்னாடி பாத்துட்டேன். கீழே இருக்கிறது அவர் கையெழுத்து, அளவு நோட்டுல எழுதுற மாதிரியே எழுதியிருக்கார், தப்பா எடுத்துக்காதே.

*ரோஜாக் கன்று 2. ஒன்று உனக்கு.*
*உன் அறை ஜன்னல்: நீளம், அகலம் அளந்து எழுதவும். வெயில் காலையா, மாலையா, எத்தனை மணி நேரம். தொட்டி அதற்குத் தக்கபடி வாங்க வேண்டும்.*
*பீரோவில் சட்டை 2 உள்ளது. போனில் குரல் இளைத்த மாதிரி கேட்கிறது. பழைய அளவு சரிவராது. புது அளவு எடுக்க வேண்டும். அதைத் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. நேரில் வரவும்.*
*அப்பா*